ஸ்டெல்லாவும் நானும் நாலு சனிக்கிழமையும்

போன மாதம், முதல் சனிக்கிழமை. காலை மணி பத்தரை. சுங்கைப்பட்டாணி டவுனில் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையின் மாடி அறை. அங்கே எட்டுப் பேர் முன்னிலையில் ஒரு பெண்மணி என்னைப் பார்த்து, "உன்னை மாதிரி ஒரு கல்நெஞ்சக்காரியை நான் பார்த்ததே இல்லை!" என்று கத்தினார்.

எட்டுப் பேரும் கை தட்டினார்கள்.

கத்தியவருக்கு அது போதவில்லை. கடைக்காரரிடம் திரும்பி, "பாய், சரியா வரல. இன்னொரு தரம் சொல்லவா?" என்று கேட்டார். பாய் தலையாட்டினார். இரண்டாவது தடவை இன்னும் பிரமாதமாக வந்தது. கீழே ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிச்சயம் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சந்தோஷமாக இருந்தது!

பின்னே என்ன? பதினாலு மாதத்துக்குப் பிறகு ஸ்டெல்லா என்னோடு பேசுகிறாள்... திட்டினால் என்ன, கொஞ்சினால் என்ன?

ஸ்டெல்லா யார் என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருடைய தம்பியின் மனைவி. என் ஓரகத்தி. பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பாக்கார் ஆராங்கில் என் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி அவள் வீடு. காதல் கல்யாணம். அவள் சர்ச்சுக்குப் போவாள், கொழுந்தனார் கோயிலுக்குப் போவார். இரண்டு இடத்துப் பிரசாதமும் கேக்கும் என் வீட்டு பிரிட்ஜுக்கு வந்து சேரும். வந்து சேர்ந்துகொண்டிருந்தது... பதினாலு மாதத்துக்கு முன்பு வரை.

அப்போது என்ன நடந்தது? வாரா வாரம் பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்திதான் நடந்தது!

பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். சினிமா தியேட்டரில் பக்கத்து சீட்டுக்கு முன்கூட்டியே கதை சொல்லும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்தேன். "பாருங்க, இப்ப இவன் செத்துருவான்" என்று அறிவிப்பாள். அவன் செத்ததும், தானே சொன்னதை மறந்து, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓவென்று அழுவாள். அப்படியொரு பெண். பேர் போடவில்லை. ஊர் போடவில்லை. ஆனால் கைக்குட்டை போதாமல் அவள் துப்பட்டா முனையைப் பிழிவதை மட்டும் விவரமாகப் போட்டிருந்தேன்.

ஏகப்பட்ட பாராட்டு! போன், வாட்ஸ்அப், பாசாரில் மீன் வாங்கும்போதுகூட நிறுத்திச் சொன்னார்கள்.

சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்த ஸ்டெல்லாவையும் நிறுத்திச் சொன்னார்கள். "சிஸ்டர், அது நீங்கதானே?" என்று.

அன்று சாயந்திரம் எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. "நான் உங்களுக்குக் கட்டுரை இல்ல." அவ்வளவுதான். நான் உடனே பதில் போட்டேன். என்ன போட்டேன்? "நான் பேரே போடலையே!"

வாழ்க்கையில் நான் எழுதியவற்றிலேயே மிக மோசமான வாக்கியம் அதுதான்.

அதன் பிறகு ஒரே மௌனம். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் மட்டும் தினமும் சாயந்திரம் ஒன்றாகத் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சண்டையைப் பற்றி அவர்கள் பேசுவதே இல்லையாம். "அப்புறம் என்னதான் பேசுவீங்க?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "பந்து விளையாட்டு" என்றார்.

சரி, நாசி கண்டார் கடைக்கு வருகிறேன்.

அந்தக் கடைக்காரர் ஹாஜா பாய் நாடகப் பைத்தியம். நடிக்கிற பைத்தியம் இல்லை, வாசிக்கிற பைத்தியம். காலைக் கூட்டம் கலைந்த பிறகு மாடியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக ஒரு நாடகத்தை உரக்க வாசித்துவிட்டு, பசியோடு கீழே இறங்கிச் சாப்பிட வேண்டும். இது அவர் திட்டம். எங்கள் ஊரில் வெள்ளியும் சனியும் விடுமுறை. வெள்ளிக்கிழமை அவருக்குத் தொழுகை, அதனால் சனி. எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினார். எதற்காகப் போனேன்? உண்மையைச் சொல்கிறேன் — பத்திக்கு ஒரு விஷயம் கிடைக்கும் என்றுதான் போனேன்.

மாடி ஏறினால்... ஜன்னலோரம் ஸ்டெல்லா. எனக்குத் திரும்பிவிடலாமா என்று இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும். ஆனால் வழியை அடைத்துக்கொண்டு பாய் நின்றிருந்தார்.

"ரெண்டு பேரும் வந்தாச்சா? நல்லது லா! உட்காருங்க, உட்காருங்க."

இந்த மனிதருக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா? இன்று வரை கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டால், "எனக்கு என்னக்கா தெரியும், நான் குழம்பு ஊத்துறவன்" என்கிறார்.

தே தாரிக் மக்கில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். அன்றைய நாடகம், ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொள்ளப் போகிற அக்கா தங்கை கதை. எனக்கு அக்கா வந்தது. ஸ்டெல்லா தன் சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். தங்கை!

முதல் வசனம் தங்கைக்கு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேப்பரைப் பார்த்தபடியே வாசித்தாள்.

"வாக்கா. உட்காரு. காப்பி குடிக்கிறியா?"

அடுத்த வசனம் என்னுடையது. எனக்கு வரி தெரியவில்லை! பேப்பர் முழுக்க எழுத்துகள் நீந்துகின்றன. பதினாலு மாதமாக அந்தக் குரலில் ஒரு 'அக்கா'வைக் கேட்காத காது... அது பேப்பரில் இருக்கும் அக்கா என்று எப்படிப் புரிந்துகொள்ளும்?

"பாய்," என்றாள் ஸ்டெல்லா, என்னைப் பார்க்காமல். "அந்தம்மாவை மூணாம் பக்கம் பாக்கச் சொல்லுங்க."

அந்தம்மா!

அதற்கப்புறம் சண்டைக் காட்சி. அதில்தான் கல்நெஞ்சக்காரி. இரண்டு முறை. நான் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப பேசிட்டீங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

"அது அவ இல்லங்க. தங்கச்சி பேசுனா."

"அவளும் உனக்குத் தங்கச்சி மாதிரிதானே?" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்க்கப் போய்விட்டார். இந்த மனிதர்கள் வருஷத்துக்கு ஒரு நல்ல வசனம் பேசுகிறார்கள். அதையும் போகிறபோக்கில் பேசிவிடுகிறார்கள்.

அன்றிலிருந்து எனக்கு நாடகப் பித்து பிடித்தது. காலையில் நடந்துவிட்டு வந்ததும் ஒரு நாடகம், மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு காட்சி. லைப்ரரியில் கிடைத்தது, பாய் கொடுத்தது, போனில் இறக்கியது என்று ஒரே மாதத்தில் ஏழு நாடகங்கள்! நடுவில் மகளுடைய பாஸ்வேர்டில் ஒரு கொரியத் தொடர் வேறு — பதினாறு எபிசோடு. வீட்டில் அடுப்பு எரியவில்லை, காலைப் பசியாறல் நாசி லெமாக் கடையிலிருந்துதான். நான் கவலைப்படவே இல்லை.

நாடகம் படிப்பதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. நாவலில் ஆசிரியர் கூடவே வருவார். இவள் மனசுக்குள் இப்படி நினைத்தாள், அவன் அப்படி வருந்தினான் என்று சொல்லிக்கொண்டே வருவார். நாடகத்தில் யாரும் எதையும் சொல்வதில்லை. ஆட்கள் பேசுவது மட்டும்தான் இருக்கும். மனசில் இருப்பதை நாம்தான் தேட வேண்டும். உரக்க வாசித்தால்தான் அது கொஞ்சம் தட்டுப்படும்.

எனக்குப் பழக்கமில்லாத வேலை. பத்தி எழுதுகிறவளுக்கு அடுத்தவர் மனசில் என்ன இருக்கிறது என்பது எப்போதுமே தெரியும் அல்லவா? அந்தத் தைரியத்தில்தானே எழுதுகிறோம்!

இரண்டாவது சனிக்கிழமை சிரிப்பு நாடகம். ஸ்டெல்லா இன்ஸ்பெக்டர். நான் கோழித் திருடி. திருடிய கோழி கைப்பைக்குள் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் விசாரிக்கும்போதெல்லாம் அது கத்தும். கோழியாக வாசித்தவர் பாய். அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு சன்னக் கொக்கரிப்பு வரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. அவள் சிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? சத்தமே வராது. மூச்சு மட்டும் இழுக்கும், கை மேசையைத் தட்டும், கண்ணில் நீர் வழியும். எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சிரித்து... அப்போது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் பேசுவதில்லை என்கிற ஞாபகம்! சிரிப்பு பாதியிலேயே நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பாய், அடுத்த பக்கம்" என்றாள்.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த வாரம் எல்லோரும் சேர்ந்து சினிமா போகலாம் என்று பாய் சொன்னபோது முதலில் கை தூக்கியது நான்தான்.

மூன்றாவது சனிக்கிழமை, மால் தியேட்டரில் பகல் காட்சி. பாய் டிக்கெட்டுகளைப் பிரித்துக் கொடுத்தார். என் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டு யாருக்கு? சொல்லவும் வேண்டுமா?

மகனைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற ஒரு தாயின் படம். கல்லும் கரையும் என்பார்களே, அந்த ரகம். நான் தயாராக உட்கார்ந்திருந்தேன். இப்போது ஸ்டெல்லா கதை சொல்லுவாள், இப்போது அழுவாள்... இருட்டில் தன்னை மறந்துபோய் என்னிடமே சொன்னாலும் சொல்லுவாள்!

சொல்லவில்லை.

அம்மா பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக அலைகிறாள். நானே கைப்பையில் கைக்குட்டை தேடுகிறேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். ஸ்டெல்லா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வாயின் மேல் கைக்குட்டையை மடித்து அழுத்திக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் ஒரு முறை குலுங்கியது. உடனே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பார்த்துவிட்ட பிள்ளை மாதிரி.

படம் முடிந்து வெளியே வந்ததும் பாய் கேட்டார்.

"என்ன சிஸ்டர், படம் பிடிக்கலையா? சத்தத்தையே காணோம்?"

"பிடிச்சுச்சு பாய். இப்பல்லாம் வாயை மூடிக்கிட்டுத்தான் பாக்குறது. யாராச்சும் எழுதிப்புட்டாங்கன்னா?"

சொல்லிவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டாள். நான் பாப்கார்ன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய பத்தியை எடுத்துப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன், சிரிப்பு வருகிறது. ஆனால் அதில் சிரிப்பு வருகிற ஒவ்வொரு இடமும் அவளுடையது. நான் அதை எடுத்து எல்லோருக்கும் பரிமாறிவிட்டேன். அவளுக்கு மட்டும் மிச்சம் வைக்கவில்லை.

மன்னிப்பு கேட்டு ஒரு மெசேஜ் எழுத உட்கார்ந்தேன். வாரா வாரம் எழுதித் தள்ளுகிறவள்தானே? மூன்று நாள் எழுதினேன், அழித்தேன். நீளமாக எழுதினால் விளக்கம் மாதிரி இருக்கிறது. சுருக்கமாக எழுதினால் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. கடைசியில் போனை மூடிவைத்துவிட்டேன். இது எழுதுகிற காரியம் இல்லை. பேசுகிற காரியம்.

நான்காவது சனிக்கிழமை பாலிங் பயணம். அங்கே ஒரு மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரே சேர்ந்து நாடகம் போடுகிறார்கள், மத்தியானம் மூன்று மணிக்கு என்று பாய் வேன் பிடித்திருந்தார். வேனில் ஏறினேன். ஸ்டெல்லா பின் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நேரே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கோலா கெட்டில் ஊரைத் தாண்டுகிற வரை வாய் வரவில்லை. ரப்பர் மரங்கள் ஆரம்பித்த பிறகுதான் சொன்னேன்.

"ஸ்டெல்லா, நான் எழுதினது தப்பு."

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"பேர் போடலைன்னு சொன்னேன் பாரு, அது அதைவிடத் தப்பு."

ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள். "பேர் போட்டிருந்தாகூட தேவலை. சண்டை போட்டிருப்பேன். பேர் இல்லாம எழுதிட்டீங்க. நான் வாயைத் திறந்தா, அது நான்தான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். பேசாம இருந்தா, நாலு பேர் சிரிக்கிறாங்க. என்னாதான் செய்யச் சொல்றீங்க?"

அவளே தொடர்ந்தாள்.

"முப்பது வருஷம் வார்டுல நின்னேன். கண்ணு முன்னால போவாங்க. அழக்கூடாது. சொந்தக்காரங்க நம்ம மூஞ்சத்தான் பாப்பாங்க. வீட்டுக்கு வந்து அழுதா பிள்ளைங்க பயப்படும். எனக்கு இருந்தது சினிமா ஒண்ணுதான். டிக்கெட் வாங்கியாச்சு, இருட்டு, ஏன் அழுறேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அங்கயும் வந்து நீங்க லைட்டைப் போட்டுட்டீங்க."

வேன் ஒரு வளைவில் திரும்பியது. முன் சீட்டில் யாரோ பாட்டை மாற்றினார்கள்.

"எனக்குத் தெரியாது ஸ்டெல்லா" என்றேன்.

"கேட்டாத்தானே தெரியும்?"

எத்தனை வருஷம் அவளுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறேன்... ஒரு தடவையாவது கேட்டேனா? இல்லை. கவனித்தேன். குறித்துவைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

"மன்னிச்சிரு" என்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்று நாளாக எழுத வராத வார்த்தை அதுதான்!

அவள் ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு, "சரி. கேட்டாச்சுல்ல? இப்ப பேசாம வாங்க. எனக்கு வேன்ல தலை சுத்தும்" என்றாள்.

கைப்பையிலிருந்து தைல பாட்டிலை எடுத்து நீட்டினேன். வாங்கி நெற்றியில் தேய்த்துக்கொண்டு, மூடியைத் திருகி, பாட்டிலைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. என் வாழ்நாளில் ஒரு தைல பாட்டில் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பாலிங் மண்டபம் நிறைந்திருந்தது. பெற்றோர்கள் மேடையில், பிள்ளைகள் கீழே பாயில் உட்கார்ந்து அவர்களைக் கிண்டல் செய்துகொண்டு... அதைப் பார்க்கவே ஆயிரம் கண் வேண்டும். அப்பாவாக நடித்தவருக்கு ஒட்டு மீசை. பேசும்போதெல்லாம் ஒரு பக்கம் பெயர்ந்து தொங்கியது. அவர் ஒரு விரலால் அதை அழுத்திக்கொண்டே மகளை வீட்டை விட்டுப் போகச் சொன்னார். மண்டபமே உருண்டது.

ஆனால் நாடகம் நல்ல நாடகம். பத்து வருஷம் கழித்து அந்த மகள் திரும்பி வருகிறாள். அப்பா கதவருகே நிற்கிறார். மேசையின் மேல் ஒரு தகரப் பெட்டி. மண்டபம் அமைதியாகிவிட்டது.

அப்போது என் காதில் சுடச்சுட ஒரு மூச்சு.

"அக்கா, பாருங்க... இப்ப அந்தப் பெட்டியைத் திறப்பா. உள்ள இவ எழுதுன லெட்டர் பூரா இருக்கும். அந்த மனுஷன் ஒண்ணுவிடாம வச்சிருப்பாரு. பாருங்களேன்!"

மகள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கட்டுக் கட்டாகக் கடிதங்கள்.

"சொன்னேன்ல!" என்றாள் ஸ்டெல்லா... அவ்வளவுதான். உடைந்துவிட்டாள். ஓவென்று, நெஞ்சு குலுங்க, துப்பட்டா முனையைப் பிழிந்துகொண்டு, பதினாலு மாதத்துக்கும் சேர்த்து அழுதாள். முன் வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவர் பக்கத்தில் இருந்த அம்மாவும் பார்த்தார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம்!

"என்ன பாக்குறீங்க? நாடகம் அங்க நடக்குது லா! முன்னால பாருங்க!" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். மேடையில் அப்பா ஒரு விநாடி வசனத்தை நிறுத்தி எங்களைப் பார்த்தார். மீசையை அழுத்திக்கொண்டு தொடர்ந்தார். ஸ்டெல்லா அழுகைக்கு நடுவிலேயே மூச்சை இழுத்து, என் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். நானும் அழுதேனா, சிரித்தேனா... எனக்கே தெரியவில்லை. இரண்டுமாக இருக்கும்.

திரும்பி வரும் வழியில் வாயே ஓயவில்லை. பதினாலு மாதத்துக் கதை இருந்தது அல்லவா? மகனுக்குப் பெண் பார்க்கிறார்களாம். ஸ்டெல்லா இப்போது சர்ச்சில் பூசைக்குப் பாடுகிறாளாம். எல்லாவற்றையும் நான் முதல் முறையாகக் கேட்டேன் — குறித்துக்கொள்ளாமல்.

இந்தப் பத்தியை எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பவில்லை. ஸ்டெல்லாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து, நர்ஸுகள் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் வரி வரியாகப் படித்தாள். இரண்டு இடத்தை அடித்தாள். அவை என்ன என்று கேட்காதீர்கள். அவள் பேரை எடுத்துவிடவா என்று கேட்டேன்.

"வேணாம்க்கா. இந்த வாட்டி பேரைப் போடுங்க. யாராச்சும் கேட்டா, ஆமா நான்தான்னு சொல்லிட்டுப் போறேன்" என்றாள். பிறகு பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல உங்க கொழுந்தனைப் பத்தி ஒண்ணுமே காணோமே? போன வாரம் தஞ்சோங் டாவாய்ல நெத்திலி வாங்கிட்டு வந்து சம்பால் செய்றேன்னு என்னா கூத்து தெரியுமா? அதை எழுதுங்க, சிரிப்பாங்க!"

முன்பு என்றால் அங்கேயே பேனாவை எடுத்திருப்பேன். எழுந்து ஹாலுக்குப் போய்க் கொழுந்தனாரிடமே கேட்டேன்.

முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார். ஆகவே, அந்தச் சம்பாலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.